நாரிஸ் பூட்டிய சக்கரங்கள்

நிஜ ரயிலைச் சின்னதாகச் செய்து ஓட்டும் எங்கள் ஊர் மன்றத்தில் ‘பொம்மை’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். என் கணவர் க்ளிஃப் அந்த மன்றத்துப் பொருளாளர். நான் அங்கே டீ போடுகிறவள். ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்தில், சர்ச் ஹாலில், வியாழக்கிழமை தோறும் நரைத்த தலைகளாகக் கூடி, நீள மேசைமேல் ஒரு ஊரையே பரப்பிவைத்து ரயில் ஓட்டுவார்கள். வீட்டில் ஒரு பல்பை மாற்றச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆட்கள், அங்கே மணிக்கணக்கில் குனிந்து நிற்பார்கள்.

நாரிஸ் ஏக்ராய்டும் ஒரு காலத்தில் அங்கே குனிந்து நின்றவர்தான். பஸ் டிப்போவில் நசுங்கிய பஸ்களை நிமிர்த்துவது அவர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை உள்ளங்கை அகலம்கூட இல்லாத ரயில் பெட்டிகளுக்குச் செய்துகொண்டிருந்தார். யாருடைய பெட்டி உடைந்தாலும் அவரிடம்தான் போகும்.

அவர் மன்றத்தை விட்டுப் போனது இரண்டு மில்லிமீட்டர் சண்டையில். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். பெட்டியை ஒரு கணக்கில் சுருக்குகிறார்கள், தண்டவாளத்தின் அகலத்தை மட்டும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருக்கிவிட்டார்கள். கடையில் கிடைக்கும் தண்டவாளம் எல்லாம் அப்படித்தான். நிஜ ரயிலோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் குறுகல். மொத்தத்தையும் பெயர்த்துச் சரியான அகலத்தில் போட வேண்டும் என்றார் நாரிஸ். யார் உட்கார்ந்து அத்தனையையும் பெயர்ப்பது என்றார் தலைவர் கீத். கை தூக்கச் சொன்னார்கள். நாரிஸின் கை மட்டும் மேலே நின்றது. கொக்கியில் தொங்கிய தன் குவளையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். எங்கள் மன்றத்தில் குவளையை எடுத்துவிட்டால் விலகிவிட்டார் என்று அர்த்தம்.

அதன்பின் பல வருஷம் அவரை யாரும் பார்க்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் என் வீட்டுக்காரர் மன்றத்தின் பெருமையான செந்நிற ரயிலை, பெட்டியோடு பெட்டியாக, ஹால் படிக்கட்டில் உருட்டிவிட்டார். ஏழு பெட்டியும் போயிற்று. கூரை தனி, பக்கச்சுவர் தனி. ஈஸ்டர் கண்காட்சிக்கு அந்த ரயில் இல்லாமல் முடியாது. நாரிஸைத் தவிர வேறு ஆள் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. ஆண்பிள்ளை ரோஷம். கடைசியில் நான்தான் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீக்குக் கெட்டிலைப் போட்டார். அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பேன். சமையலறை மேசைதான் பட்டறை. கோணிப்போன கூரையை வெந்நீரில் நனைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே கட்டி வைத்திருப்பார். விரிசலில் தூரிகை நுனியால் ஒட்டுத்திரவத்தைத் தொட்டால் அது தானே உள்ளே ஓடி ஒட்டிக்கொள்ளும். எதற்கும் உதவாத பழைய பெட்டிகளை வாங்கி அறுத்து, இல்லாத கதவையும் ஜன்னலையும் அதிலிருந்து எடுத்து வைப்பார். பக்கவாட்டில் ஓடும் மஞ்சள் கோட்டை மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார். எந்தப் பெட்டி மேசைக்கு வந்தாலும் முதலில் அடியைக் கழற்றுவார்; பழைய சக்கரங்கள் தகர டப்பாவுக்குப் போகும், அவருடைய சக்கரங்கள் ஏறும். சக்கரம் மாற்றுவதை மட்டும் பேசிக்கொண்டே செய்வார், கையைப் பார்க்கவே மாட்டார். முடிந்ததைச் சுவரோரமாக அவரே போட்டிருந்த தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினால், சத்தமில்லாமல் போய் நிற்கும்.

அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உட்காரத் தோதாக இருந்தது. மற்ற நாற்காலிகளில் எல்லாம் ரயில் பெட்டிகள். நான் போனால் அவர் நின்றுகொள்வார். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒருநாள், ஒரு கோட்டை இழுத்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“கீத் இன்னும் அந்த அசட்டு ஜோக்கையே சொல்லிட்டிருக்கானா?”

“வாராவாரம். நாங்களும் சிரிச்சுத் தொலைக்கிறோம்.”

“ம்.” தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “கூப்பிட்டா வருவேன், மேவிஸ். நானா வர மாட்டேன். கூப்பிட்டா வருவேன்.”

அன்று மாலையே க்ளிஃபை உண்டு இல்லை என்று ஆக்கினேன். க்ளிஃப் கீத்தைப் பிடித்தார். கீத்தும் உள்ளுக்குள் அதற்குத்தான் காத்திருந்தார் போல. ஈஸ்டர் சனிக்கிழமை, ஹால் திறந்ததும், முதல் ஓட்டத்தை நாரிஸே ஓட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. சொன்னபோது நாரிஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் குவளை கழுவினார்.

சனிக்கிழமை கோட்டும் டையுமாக வந்தார். ரயிலை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை, தானே மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கீத் கைகுலுக்கினார். ஊர்க்காரர்களும் மேசையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறைந்திருந்தார்கள். நாரிஸ் முதல் பெட்டியை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார்.

அது உட்காரவில்லை. ஒரு பக்கம் கம்பியில் ஏறி நிற்க, மறுபக்கம் வெளியே விழுந்து சாய்ந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சாய்ந்தது. அடுத்த பெட்டியும் அப்படித்தான். கீத் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. அகலச் சக்கரம். ஏழு பெட்டியிலும் நாரிஸின் சரியான அகலச் சக்கரம்.

“என்னய்யா இது?” என்றார் கீத். “இத்தனை பேர் முன்னாடி எங்களுக்குப் பாடம் எடுக்கத்தான் வந்தியா?”

நான் நாரிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் எடுக்க வந்தவரின் முகமா அது? தன் வீட்டுக் கதவில் தன் சாவி சேராமல் நிற்பவர் போல அந்தப் பெட்டியையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

“என் சக்கரம் சரியாத்தான் இருக்கு,” என்றார். “உங்க தண்டவாளம்தான் தப்பு.”

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நான் டீயை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில், மழையில், நிழற்குடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“வேணும்னு செய்யல, மேவிஸ்.”

“தெரியும்.”

“மறந்தே போச்சு. வேற அகலம்னு ஒண்ணு இருக்குன்னே ஞாபகம் வரல. இத்தனை வருஷமா என் பாதை ஒண்ணுதானே.”

“அதை உள்ள வந்து சொல்லுங்க, போதும். சக்கரத்தை மாத்த எவ்வளவு நேரமாகும்?”

“பிடிவாதக்காரன்னா திட்டுவாங்க. மறந்துட்டேன்னா பாவம்னுவாங்க. திட்டட்டும்.” பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “நீயும் சொல்லிடாத,” என்றார்.

நான் வாய்க்குப் பூட்டுப் போடுகிற ஆள் இல்லை. ஆனால் இதை மட்டும் க்ளிஃபிடம்கூடச் சொல்லவில்லை. பழைய சக்கரங்களை நாரிஸ் என்னிடமே கொடுத்தனுப்பினார், கீத் பூட்டினார், ரயில் ஓடுகிறது. அந்த மஞ்சள் கோட்டைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

கோபம் ஆறியதும் கீத்துக்கு அது பெருமையாகவே மாறிவிட்டது. “என்ன நெஞ்சழுத்தம்யா அவனுக்கு, கடைசி வரைக்கும் வளையல பாரு,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்கிறவர்களும் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நான் சொன்னால், அப்படிப்பட்ட மனிதரைப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறார்கள். நான் போனால் நாரிஸ் முதலில் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்க்கிறார்.