பத்து மணிக் கூழ்

1. முதல் நாள்

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்கு நர்ஸாகப் போனபோது, இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய ஃபேக்டரி. விரலில் ஊசி ஏறினால் டிரெஸ்ஸிங், தலைவலிக்கு மாத்திரை, அவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையிலேயே ஒரு டெய்லரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சுளா என்று பெயர். தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டாளாம். நல்லவேளை, கை ஊசிக்கு அடியில் போகவில்லை. தோளில் தாங்கி வந்தவர் அவளுடைய லைன் சூப்பர்வைசர் சந்திரகலா. ஐம்பதை நெருங்கும் வயது. மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். அந்தக் குரலுக்கு ஃப்ளோரே பயப்படும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மஞ்சுளாவுக்கு நினைவு நன்றாகத் தெளிந்ததும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன்.

“காலையில என்னம்மா சாப்ட்டே?”

“காபி குடிச்சேன் சிஸ்டர்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான். எல்லாருக்கும் சமைச்சு, டப்பா கட்டி, வேனைப் பிடிக்கவே சரியா இருக்கு. மத்தியானம் சாப்ட்டுக்குவேன்.”

‘சீக்கிரம் அனுப்புங்க, பீஸ் நிக்குது’ என்று சந்திரகலா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “என் லைன்ல இன்னும் எத்தனை பேர் இப்படி வெறும் வயித்தோட தைக்கிறாங்களோ, தெரியலையே சிஸ்டர்.”

மறுநாள் ஒவ்வொரு மெஷினாகப் போய், “திண்டி ஆய்த்தா? சாப்ட்டுட்டுத்தானே வந்தே?” என்று கன்னடத்திலும் தமிழிலுமாகக் கேட்டார். எல்லாரும் ஆச்சு, ஆச்சு என்றார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

2. ட்ரையல்

துணியில் எண்ணெய் பட்டுவிடும் என்பதால் தையல் ஃப்ளோருக்குள் சாப்பாட்டு டப்பா வரக்கூடாது. பத்து மணிக்கு டீயும் பிஸ்கட்டும் டிராலியில் வரும். கீழே கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டு வர அந்த பிரேக் போதாது. சந்திரகலா என்னையும் அழைத்துக்கொண்டு ஃப்ளோர் மேனேஜரிடம் போனார்.

“சார், காலை பிரேக்கை இன்னும் பத்து நிமிஷம் நீட்டிக் கொடுங்க. கீழ போய் வயித்துக்கு ஏதாச்சும் போட்டுட்டு வரட்டும்.”

“டார்கெட்டை யாரு பாக்கறது கலாம்மா? எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க.”

“நான் பாக்கறேன். குறைஞ்சா என்னை மறுபடி மெஷின்ல உக்கார வைங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்கில் குனிந்து தைத்து, வலது தோள் பழுதான பிறகு அவருக்குக் கிடைத்த பதவி அது. மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “சரி, உங்க லைனுக்கு மட்டும் ட்ரையல் பாப்போம்” என்றார்.

கேன்டீனில் பேசி, பிஸ்கட்டுக்குப் பதிலாக மோர் விட்ட ராகிக் கூழும் வேகவைத்த நிலக்கடலையும் கேட்டு வாங்கினோம். முதல் நாளே ஒருத்தி, “நாங்க என்ன பேஷண்டா, கூழ் குடிக்க?” என்று டம்ளரைத் தள்ளிவைத்தாள். சந்திரகலா அதை எடுத்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

“உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதைப் பேஷண்ட்கூடக் குடிக்க மாட்டான்!”

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. அவரே உள்ளே போய் உப்பும் நறுக்கிய வெங்காயமும் கொண்டுவந்து போட்டுக் கலக்கினார். டம்ளரைத் தள்ளிவைத்தவள் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தாள்.

மத்தியான பிரேக்கில் கழுத்தையும் தோளையும் தளர்த்தும் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தேன். பெண்களுக்கு ஒரே வெட்கம். ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு நின்றார்கள். சந்திரகலா முன்னால் வந்து வலது கையைத் தூக்கினார். அது காதுவரைகூடப் போகவில்லை. “வலிச்சா நிறுத்திடுங்க கலாம்மா” என்றேன். கையை இறக்கிக்கொண்டு பெண்களைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்கல்ல? உங்களுக்கும் இந்த மாதிரி ஆகணுமா? தூக்குங்கடி கையை!” எல்லாரும் தூக்கினார்கள்.

அந்த லைனிலிருந்து தலைசுற்றல் என்று என் ரூமுக்கு வருகிறவர்கள் மெல்லக் குறைந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கோணல் தையலாகி ஆல்டரேஷனுக்குத் திரும்பும் பீஸ்களும் குறைந்துவிட்டதாக மேனேஜரே சொன்னார். பக்கத்து லைன் பெண்கள், “எங்களுக்கு மட்டும் வயிறு இல்லையா சிஸ்டர்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

3. டார்கெட்

பிறகு ஒரு பெரிய ஆர்டருக்குத் துணி லேட்டாக வந்தது. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டது. இந்த வாரம் மட்டும் நீட்டின பிரேக்கை விட்டுவிடச் சொன்னார் மேனேஜர்.

“துணி லேட்டானதுக்கு வயிறு என்ன சார் பண்ணும்?” என்று கேட்டுவிட்டு, சந்திரகலா பெண்களைக் கேன்டீனுக்கு அனுப்பினார். அவர்களும் உயிரைக் கொடுத்துத்தான் தைத்தார்கள். அப்படியும் அந்த லைன் டார்கெட்டை எட்டவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். மேனேஜர் துணியைக் காரணம் சொன்னார், எடுபடவில்லை. “நான்தான் பொறுப்பு, வாக்குக் கொடுத்தவ நான்” என்றார் சந்திரகலா. அடுத்த வாரம் மஞ்சுளாவுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. “இது என்ன நியாயம் கலாம்மா?” என்று கேட்டேன்.

“விடுங்க சிஸ்டர். கத்திக் கத்தித் தொண்டை போயிருந்துச்சு. இப்ப அதுக்கு ரெஸ்ட்.”

“தோள்?”

“துணி பண்டிலை எல்லாம் மஞ்சுளாதான் தூக்கி வெக்கிறா. என்னைத் தொடவே விடமாட்டேங்கறா.”

அன்று பத்து மணிக்கு பெல் அடித்ததும் அந்த லைன் எழுந்தது. பிரேக்கை ரத்து செய்ய யாரும் இன்னும் உத்தரவு போட்டிருக்கவில்லை. பின்னாலேயே பக்கத்து லைனும் எழுந்தது, அதற்கடுத்த லைனும் எழுந்தது. யாரும் கோஷம் போடவில்லை. ஃப்ளோர் முழுக்கக் கேன்டீனுக்கு இறங்கிப் போய், சாப்பிட்டுவிட்டு, நேரத்துக்குத் திரும்பி வந்து தைத்தது. மேனேஜர் ஆல்டரேஷன் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போனார். மாசக் கடைசியில் எல்லா லைனுக்கும் அந்த பிரேக் வந்தது. சந்திரகலாவுக்கு அவருடைய பதவி மட்டும் திரும்பி வரவில்லை. ரிட்டயர் ஆகும்வரை டெய்லராகவே இருந்தார்.

இப்போது ஃபேக்டரிகளுக்கு நர்ஸாகப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பெண்ணிடம் நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பை அசை என்று சொல்வதற்கு முன்னால், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து என்று கேளுங்கள். அவளிடம் பதில் இல்லையென்றால், அந்த நேரத்தை அவளுக்கு யாராவது வாங்கித் தர வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் சந்திரகலா வாங்கித் தந்தார்.