நல்லா இருந்தா செருப்பு

எங்கள் வீட்டு கராஜில் எப்போதும் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்பாவின் பழைய காரை வெளியே தள்ளினால்தான் உள்ளே டிரம்ஸ் வைக்க இடம் கிடைக்கும்.

தார்நாகாவில் ஒரு குவார்ட்டர்ஸ் காலனி. நான் கிடார், இம்ரான் டிரம்ஸ், ஸ்வாதி பாட்டு; அதுதான் எங்கள் பேண்ட். பாட்டு என்று சொன்னால் ஸ்வாதியே சிரிப்பாள்... சுத்தமான கத்தல். அந்த மாதிரி இசைக்கு கராஜ் பங்க் என்று ஒரு பெயர் இருப்பதே எங்களுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

பேண்டுக்கு முன்னால் எங்களைச் சேர்த்தது ஒரு ஸ்கேட்போர்டு. இம்ரானின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. காலனிக்கே அது ஒன்றுதான். ஒருவர் விழாமல் தாவி இறங்கினால் மற்றவர்கள் தங்கள் போர்டைத் தரையில் தட்டிப் பாராட்டுவதை வீடியோவில் பார்த்திருந்தோம். தட்டுவதற்கு எங்களிடம் இன்னொரு போர்டு ஏது? காலில் கிடந்த செருப்பைக் கழற்றித் தட்டினோம்.

டப்... டப்... டப்...

காலனி வாண்டுகளும் அதையே பழகிக்கொண்டன.

கராஜ் சத்தம் தாங்காமல் புகார் போனது. காலனி செக்ரட்டரி அங்கிள் மதுரைக்காரர். "ஆண்டு விழாவுல ஒரு பாட்டு வாசிங்க. சனங்களுக்குப் பிடிச்சா கராஜ் உங்களுக்கு. இல்லேன்னா அன்னைக்கோட கடையக் கட்டிரணும்" என்றார்.

கராஜ் போனால் பேண்டே போச்சு. வேறு யார் வீட்டிலும் டிரம்ஸை வாசலுக்குள் விடமாட்டார்கள்.

விழாவில் உயிரைக் கொடுத்து வாசித்தோம். முடிந்ததும் மயான அமைதி. முன்வரிசை ஆன்ட்டிகள் காதிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்த வாண்டுகள் எல்லாம் செருப்பைக் கையில் எடுத்தன.

அங்கிளுக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினார். "சின்னப் பிள்ளைகளே செருப்பக் கழட்டிருச்சுக. இதுக்கு மேல என்னம்மா வேணும்? போதும், நிறுத்திக்கங்க!"

நான் கிடாரைக் கழற்றப் போனேன். இம்ரான்தான் டிரம்ஸை விட்டு ஓடிவந்தான். "நக்கோ அங்கிள், நிறுத்த வேணாம்! அது அடிக்க இல்ல. நல்லா இருந்தாத்தான் செருப்பு!"

அங்கிள் நம்பவில்லை. அதற்குள் வாண்டுகள் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டன. அவர் எங்களையும் செருப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கருமமோ... சாயந்தரம் தண்ணி மோட்டார் ஓடுறப்ப மட்டும் வாசிச்சுக்கங்க. அந்தச் சத்தத்துல இது கேக்காது."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகு டேங்க் நிரம்பும்வரைதான் எங்கள் சங்கீதம்.

போன மாதம் மூவரும் மறுபடி வாசித்தோம், கொண்டாப்பூரில் ஒரு ஸ்கேட் பார்க்கில். இப்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போர்டு. புகார் சொல்ல ஆளில்லை, மோட்டார் நின்றுவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் கிடாரைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. இனி நமக்கு வராது என்றே நினைத்திருந்தேன்.

பாட்டு முடிந்தது. பிள்ளைகளின் போர்டெல்லாம் காலடியில், கையில் போன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே மயான அமைதி.

கடைசி வரிசையில், நாங்கள் கூப்பிட்டதற்காக வந்திருந்த செக்ரட்டரி அங்கிள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். செருப்பைக் கழற்றினார்.

டப்... டப்... டப்...