இடுப்புக் கயிறு

கமலாட்சிக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. பிள்ளையார்பாளையத்தில் நான்கு தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். அங்கே கத்தினால்தான் சோறு கேட்டு வாங்க முடியும். பள்ளி நாளில் மாவட்டப் போட்டிகளில் நீந்தியவள், இப்போது ஏனாத்தூர் சாலையில் இருக்கும் எங்கள் நீச்சல்குளத்துக்கு மேனேஜர். அங்கே டிக்கெட் கொடுக்கும் நான் அவளிடம் பல தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவள் பட்ட கோபம் முழுக்க நியாயம்.

கோடை முகாம் தொடங்குமுன் வேலை செய்யும் எங்களில் யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று முதலாளி காசிநாதனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்த மனிதர் என்ன செய்தார்? எங்கள் எல்லோரையும் குளத்தோரம் வரிசையாக நிற்கவைத்தார்.

"வேலை தெரியாதவங்க கை தூக்குங்கபா."

வேலை போய்விடும் என்று தெரிந்து எந்த மடையன் கை தூக்குவான்?

"பாத்தியாமா, எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. பயிற்சியெல்லாம் வேணாம்" என்றார்.

கமலாட்சி ஒரு கனமான ரப்பர் வளையத்தை ஆழப் பக்கத்தில் வீசினாள். அது அடியில் போய்ப் படிந்தது. "தேவேந்திரா, எடு."

தேவேந்திரன் எங்கள் லைஃப்கார்டு. பெரிய ஏரி இருக்கும் தென்னேரி ஊர்க்காரன். பிள்ளைகள் ஆழத்தில் இறங்கும்போதெல்லாம் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் குளத்தோரக் கைப்பிடிக் கம்பியில் முடிந்துகொண்டு நிற்பான். கோயில் யானை என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். அன்று அவன் அசையவில்லை.

"எறங்குபா. ஏரிக்கரையில பொறந்தவன்தான நீ" என்றார் முதலாளி.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க. எங்கண்ணன் ஏரியில முழுகி செத்துட்டான். அதுலேர்ந்து அம்மா என்னைத் தண்ணி பக்கமே வுடல."

"வேலைக்கு வரும்போதே ஏன்டா சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க. தென்னேரின்னேன். விசில கையில குடுத்துட்டீங்க."

"நாளையிலேர்ந்து வராத."

கமலாட்சி வெடித்தாள். "கேக்காம வேலைக்கு வச்சது நீங்க சார். இன்னிக்குத்தான் ஒருத்தன் உண்மைய சொன்னான். அவன வெரட்டுனா இனிமே இங்க எவன் வாயத் தொறப்பான்? உங்க பேத்தி கீர்த்தி டெய்லி இதுலதான் குதிக்குது."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீ எந்த தைரியத்துலடா நின்னுக்கினு இருந்த?"

"கயிறு இருக்குது மேடம். கொழந்த முழுகினா நானும் குதிச்சுப் புடிச்சிக்குவேன். நீங்க யாராச்சும் ரெண்டு பேரையும் இழுத்துடுவீங்கன்னு நெனச்சேன்."

காசிநாதன் அந்தக் கம்பியையே பார்த்தார். தேவேந்திரனை அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது. கமலாட்சி ஆழப் பக்கத்துக் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். தெரியாததைச் சொல்ல ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னாள்.

முதலில் நான் போனேன். அந்தக் கயிறு எதற்கென்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னேன். அவன் குதித்திருந்தால், கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.