அட்லாண்டிக் தாண்டிய கயிறு

படகு வாங்கப் போன கடையில், எவர்சில்வர் குடம் வாங்குவதுபோல விரலை மடக்கித் தட்டி, சத்தம் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நான். கடைக்காரர் என்னையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு நவம்பரில், டெக்சஸில் டாலஸுக்குப் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது.

எங்கள் மேனேஜர் வாத்து வேட்டைப் பிரியர். வடக்கே ஓர் ஏரிக்கரையில் அவருக்குச் சின்ன வீடு உண்டு. என்னையும், என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர் நண்பரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குக் கூப்பிட்டார். சுடுவது அவர் வேலை, வேடிக்கை பார்ப்பது எங்கள் வேலை. ஆனால் அவர் படகில் அவரும் அவர் நாயும்தான் உட்கார முடியும். எங்களுக்கு ஒரு படகை நாங்களே கொண்டுவர வேண்டும். வாடகைக்கு எடுத்திருக்கலாம். சொந்தப் படகு என்ற ஆசை யாரை விட்டது?

கடையில் நல்ல அகலமான படகுகள் இருந்தன. அவற்றை ட்ரெய்லரில் வைத்து இழுத்துப் போகவேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு கிழட்டுக் கார். அதனால் தண்ணீரில் எப்படி மிதக்கும் என்று நாங்கள் பார்க்கவில்லை, காரின் தலைமேல் உட்காருமா என்றுதான் பார்த்தோம். அடிப்பக்கம் தட்டையான குட்டி அலுமினியப் படகு ஒன்று உட்காரும்போல் இருந்தது. நண்பர் ஒரு முனையை ஒரே கையால் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, ரொம்ப லேசா இருக்குதுங்களே."

"லேசா இருந்தாத்தானேய்யா மிதக்கும்."

"லேசா இருந்தாப் பறக்கவும் செய்யுமுங்க."

கடைக்காரர் படகைக் கட்ட அகலமான பட்டைகளை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். வீட்டில் என்னிடம் நீல நைலான் கயிறு இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்தபோது எங்கள் பெட்டிகளைச் சுற்றிக் கட்டிய கயிறு. அட்லாண்டிக்கையே தாண்டி வந்த கயிறு, பக்கத்து ஏரி வரைக்கும் தாங்காதா? "அது பால்கனியில இத்தனை நாளா வெயில்ல கிடந்த கொடிக்கயிறுங்க. துணி எடுக்கும்போதே தூள் தூளா உதிருது" என்றாள் மனைவி. வேட்டைக்குப் போகிறவன் இதையெல்லாம் காதில் வாங்குவானா?

சனிக்கிழமை மதியம் படகைக் கவிழ்த்து, அடியில் போர்வை வைத்து, ஜன்னல் வழியாகக் கயிற்றை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். முன்னும் பின்னும் பம்பரில் இரண்டு முடிச்சு. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, நாலு கதவையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். தொப்பையை எக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தேன். மனைவி பால்கனியிலிருந்து உள்ளே போய்விட்டாள். என்னோடு தொடர்பே இல்லாதவள்போல.

ஃப்ரீவேயில் ஏறியதும் காற்றில் கயிறு தம்பூராபோல ரீங்காரம் பாட ஆரம்பித்தது. "சுருதி சேந்துடுச்சு" என்றேன். நண்பர் சிரிக்கவில்லை, பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி ஒரு பிக்கப் ட்ரக்குங்க. லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறானுங்க."

பார்த்தேன். பெரிய தொப்பி வைத்த ஆள். தலைக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கிகள் மாட்டியிருந்தன. ஹாரன் அடித்தான், கையை ஆட்டினான். நான் அமெரிக்கா வந்த முதல் வாரமே ஒரு அங்கிள் சொல்லியிருந்தார்: "ரோட்ல எவனாவது வம்புக்கு வந்தா நிறுத்தாதே தம்பி, போய்க்கிட்டே இரு."

"பாக்காதீங்க, கண்ணைப் பாத்தா வம்பு" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். தம்பூராவின் சுருதி ஏறிக்கொண்டே போனது.

"பின்னாடி தங்கிட்டானுங்க" என்றார் நண்பர்.

"பயந்துட்டான்" என்றேன்.

அப்போது ரீங்காரம் நின்றது.

அந்த அமைதியை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும். படகின் நிழல் விலகி, முன்கண்ணாடியில் திடீரென்று வெளிச்சம். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் படகு எழும்பிக்கொண்டிருக்கிறது. விழவில்லை, எழும்புகிறது. நிதானமாக, யாரோ உள்ளங்கையில் ஏந்தித் தூக்குவதுபோல. நீல வானத்தில் ஒருமுறை புரண்டது, வெயில் பட்டு வயிறு வெள்ளியாக மின்னியது. ஒரு கணம் அங்கேயே நின்றது. அத்தனை பெரிய வானத்தையும் அதற்குக் கீழே அத்தனை சின்னதாக என்னையும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு ரோட்டில் விழுந்து, தீப்பொறி பறக்கச் சறுக்கிக்கொண்டே போய் நின்றது.

யார் மேலும் விழவில்லை. ஏனென்றால் அங்கே யாருமே இல்லை.

காரை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். அந்த பிக்கப் வெகு பின்னால், நான்கு விளக்கும் மினுக்க, இரண்டு லேனுக்கும் நடுவே வந்துகொண்டிருந்தது. எந்த வண்டியையும் முன்னால் விடவில்லை. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள். முதலில் நின்ற காரின் பின் சீட்டில் ஒரு குழந்தை, ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி, படகை வேடிக்கை பார்த்தது.

கயிறு அறுந்ததால் கதவு திறந்தது. இறங்கினேன். தொப்பிக்காரர் வந்து என் தோளில் கை வைத்து, இரண்டு பேரும் நலமா என்று முதலில் கேட்டார். என் பின்பக்க முடிச்சு அவிழ்ந்து, கயிறு வால்போல ரோட்டில் இழுபட்டு வந்ததாம். அதைச் சொல்லத்தான் விளக்குப் போட்டிருக்கிறார். நான் வேகம் எடுத்ததும், படகு எப்படியும் விழும், விழுகிற இடத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று பின்வாங்கியிருக்கிறார். என்னைப்போன்ற ஒரு முட்டாளை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டார் அந்த மனிதர். நான் எதற்காக ஓடினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்த முகத்தோடு சொல்லியிருப்பேன்?

நசுங்கின படகைத் தன் ட்ரக்கில் ஏற்றி, மேனேஜர் வீடுவரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை ஏரியிலிருந்து வாத்துகள் கூட்டமாக எழும்பியபோது மேனேஜர் துப்பாக்கியைத் தூக்கினார். நான் கரையில், தலையைக் குனிந்து எங்கள் நசுங்கின படகைப் பிடித்துக்கொண்டேன். எது மேலே எழும்பினாலும் எனக்கு அந்தக் குழந்தையின் கன்னம்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் கண்ணாடியில் எவனாவது விளக்குப் போட்டால் முதலில் ஓரம் கட்டுகிறேன், பயப்படுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீடு திரும்பி, மீந்த கயிற்றைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அவர் பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

"அத்தனை உசிரைக் காப்பாத்தின மனுஷன் பேரைக் கேக்கத் தெரியலை. இந்த இத்துப்போன கயித்தை மட்டும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கீங்க" என்றாள்.