தயிருக்குப் பின்னால் இருந்த பேனா

எனக்குச் சர்க்கரை வியாதி; பேனா மாதிரி ஒரு கருவியால் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அதில் தினம் ஒரு புது ஊசி மாட்ட வேண்டும். மாதத்துக்கு முப்பது வாங்குவேன். மூன்று மாதமாகக் கடைசியில் நாலு குறைந்தது. மாட்டுங்கா மருந்துக்கடைக்காரரிடம் சண்டை போட்டேன். "எண்ணித்தான் தரேன் சார்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் இன்னொரு பேனா இருந்தது. மனைவியைக் கேட்டேன்.

"உடம்பு இளைக்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை. உங்க ஊசியே இதுக்கும் பொருந்தறது."

"வாக்கிங் போய்த்தானே இளைச்சே?"

"அது நீங்க எல்லார்கிட்டயும் சொன்னது. நான் இல்லேன்னு சொல்லலை, அவ்வளவுதான்."

உண்மைதான். அதைச் சொல்லியே செம்பூரிலிருக்கும் அவள் அண்ணனையும் நடக்க வைத்திருந்தேன்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முப்பத்துநாலு ஊசி வாங்கினேன். அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் இன்னும் நடக்கிறார்.