மச்சாளின் மலை

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. வீடு, கார், பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பு... நான் ஒரு மலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதுவும் இங்கிலாந்தில், ஆட்டுப் புழுக்கை நிறைந்த ஒரு புல்லு மலையை.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கோடை தொடங்குகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை பாரிஸின் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு, புறநகர் சார்செலில் உள்ள வீட்டுக்குத் திரும்ப கார் து நோர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. மச்சாள் வசந்தி — என் கணவரின் தங்கை — அனுப்பியிருந்தாள். திறந்தால் ஒரே காற்றுச் சத்தம். பச்சைச் சரிவு. அதில் என் மகள் ஆரணி, தலைமயிர் முகமெல்லாம் பறக்கச் சொல்கிறாள்:

“மாமி, உந்தத் தொப்பிக்காரர் திரும்பவும் வாறார். நாயைப் பற்றிக் கதை தொடங்கப் போறார். கெதியாக் கீழை இறங்குவம்!”

கெதியா! இறங்குவம்!

வீட்டில் இந்தப் பிள்ளையிடம் “சாப்பிட்டியோ?” என்று கேட்டால் பிரெஞ்சில் “வுய்” என்பாள். “எங்கை போறாய்?” என்றால் முழுப் பிரெஞ்சில் ஒரு பதில் வரும், கதவு சாத்துகிற சத்தத்தோடு. இருபது வயது தாண்டிய பிள்ளை. தமிழ்ப் பள்ளிக்கூடம், பேச்சுப்போட்டி, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அந்த வாயிலிருந்து வராத தமிழ், ஆங்கிலேயர் ஊர் மலையில் காற்றோடு சேர்ந்து வருகிறது.

ரயில் வந்தது. போனது. நான் ஏறவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வசந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளும் முந்தி சார்செலில் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தாள். காலையில் ஒன்றாக ரயிலில் நசிபட்டுப் போவோம், மாலையில் ஒன்றாக நசிபட்டு வருவோம். திடீரென்று ஒருநாள், “அண்ணி, நாங்கள் இங்கிலாந்துக்குப் போறம். ஒரு கிராமத்திலை கடை கிடைச்சிருக்கு” என்றாள். தபாலும் பாணும் பாலும் விற்கிற ஒரே ஒரு கடை. தமிழ்ச் சனம் இல்லை, கோயில் இல்லை, முருங்கைக்காய் இல்லை. நான் அவளுக்காக மனதாரப் பரிதாபப்பட்டேன். பரிதாபப்படுவது எவ்வளவு சுகமான வேலை!

பிறகுதான் அந்த மலை வந்தது. மலையில் பனி, மலையில் வெயில், மலையில் ஆட்டுக்குட்டி என்று படம் படமாக அனுப்புவாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வசனம்: “எங்கடை மலை.”

எங்கடை! இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயோ சுள்ளென்று குத்தும். எங்களுக்கும் ஒரு மலை இருக்கிறதே. லாச்சப்பலிலிருந்து பேசிக்கொண்டே நடந்தால் மோன்மார்த். கனடாவிலிருந்து ஆட்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய், வெள்ளைக் கோயிலுக்கு முன்னால் படம் எடுத்து, கால் நோகுது என்று திரும்பி வருகிறோம். இத்தனை வருடத்தில் யாராவது ஒரு தமிழர் அதை “எங்கடை மலை” என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வசந்தியின் கணவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, கணக்கியல் படிப்பை முடித்த கையோடு ஆரணியை நான்தான் அனுப்பினேன். திரும்பி வந்ததும் ஒரு வங்கியில் வேலைக்கான நேர்முகம். நான் கணக்கு எழுதுகிற கந்தோரில், என் பத்ரோன், அதாவது முதலாளி, தனக்குத் தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்து தந்தது. அந்த வீடியோ வந்த கிழமை ஆரணி போன் எடுத்தாள். பிரெஞ்சில்தான். சனிக்கிழமை இங்கே மலையில் குதிரை துப்புரவாக்குகிற நாள், திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரமாட்டேன் என்றாள்.

“குதிரையோ? எந்தக் குதிரை?”

சிரிப்புத்தான் வந்தது. பின்னணியில் வசந்தியின் சிரிப்பும்.

அந்தப் பின்னணிச் சிரிப்புக்குத்தான் நான் டிக்கெட் போட்டேன். இவர் — என் வீட்டுக்காரர் — “பிள்ளை சின்னப் பிள்ளையே? விடுமன்” என்றார். அவருக்கென்ன? தங்கச்சி வீடு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் இறங்கினேன். மலை என்றால் நம்முடைய மலைநாடு மாதிரி நினைக்காதீர்கள். பாறை இல்லை, அருவி இல்லை. படுத்திருக்கிற மாட்டின் முதுகு மாதிரி ஒரு நீண்ட மேடு. ஆனால் அதன் பக்கத்தில்... ஒரு வெள்ளைக் குதிரை! சரிவு முழுக்க ஓடுகிறது. கீறினதில்லை, வெட்டினது. அந்த மலைக்குப் புல்லுத்தோல்தான் பச்சை. தோலை உரித்தால் உள்ளே எல்லாம் வெண்கட்டி, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவோமே, அதே கல். யார் வெட்டியது, எந்தக் காலம் என்று ஊரில் ஆளுக்கொரு கதை. ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து — கவனிக்காமல் விட்டால் கொஞ்ச வருடத்தில் புல்லு குதிரையைத் தின்றுவிடும். அதனால் ஊர்ச்சனம் கூடி, முழங்காலில் இருந்து புல்லுப் பிடுங்கி, புது வெண்கட்டியைப் பரப்பிச் சுத்தியலால் அடித்து இறுக்குகிறார்கள். பாட்டன் அடித்த இடத்தில் பேரன் அடிக்கிறான்.

சனிக்கிழமை காலை மலையேறினோம். வழியில் சந்தித்த ஒவ்வொருவரும் “குட் மோர்னிங் வாஸ்!” என்றார்கள். வசந்தி அங்கே வாஸ். ஒரு கிழவி அவளைக் கட்டிப்பிடித்தாள். அந்தத் தொப்பிக்காரரும் நாயோடு வந்தார். என்னிடம், “பாரிஸா? ஓ, லவ்லி” என்றார். பாரிஸுக்கு அவ்வளவுதான் மரியாதை.

உச்சியில் புல்லு மூடிய பெரிய மேடும் பள்ளமும், வட்டமாகச் சுற்றி வருகின்றன. ஆரணி என் கையைப் பிடித்து அதன் விளிம்பில் நிறுத்தினாள்.

“அம்மா, இது கோட்டை. ரோமர் வாறதுக்கு முந்தியே இருந்தது. கல்லுச் சுவர் இல்லை. கிடங்கு வெட்டி, வெட்டின மண்ணை மேலை குவிச்சிருக்கினம். அவ்வளவுதான். ஆனா பாருங்கோ, இன்னும் நிக்குது.”

கிடங்கு. குவிச்சிருக்கினம். எனக்கு மேல் சிலிர்த்தது. அடுத்த நொடி வயிறு எரிந்தது.

“ஆர் உனக்கு இந்தத் தமிழ் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. கடையிலை சனம் நிக்கேக்கை நானும் மாமியும் அவையளைப் பற்றி என்னெண்டு கதைக்கிறது? இங்கிலிஷ் எல்லாருக்கும் விளங்கும். பிரெஞ்சு பாதிப்பேருக்கு விளங்கும். தமிழ்தான் ஸேஃப்.”

யோசித்துப் பாருங்கள். லாச்சப்பலில் தமிழில் ஒரு ரகசியம் பேச முடியுமா? மீன் வெட்டுகிறவர் முதல் தலைமயிர் வெட்டுகிறவர் வரை காது கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எங்கே பார்த்தாலும் கிடக்கிற சாமான். தமிழே இல்லாத ஊரில்தான் அது ஒளித்துவைக்கிற பொருளாகிறது... ஒளித்துவைக்கிற பொருள் மேல்தானே பிள்ளைகளுக்கு ஆசை?

இந்த ஞானமெல்லாம் இப்போது. அன்றைக்கு எனக்கு எரிச்சல் மட்டும்தான்.

வசந்தியின் குடும்பத்துக்கு ஒதுக்கியது குதிரையின் முன்கால். கிட்ட நின்றால் கால் என்றே தெரியாது, ஒரு வெள்ளைப் பாதைதான். வசந்தி, ஆரணி, நான் மூன்று பேரும் முழங்காலில் இருந்தோம். சுத்தியலை எடுத்து அடிக்கத் தொடங்கினேன். நல்ல அடி. கோபக்காரர்களுக்கு உகந்த வேலை.

“அண்ணி, மெல்ல” என்றாள் வசந்தி. “குதிரைக்கு நோகும்.”

அந்தப் பகிடி எனக்குப் பிடிக்கவில்லை.

“திங்கட்கிழமை பிள்ளைக்கு நேர்முகம் இருக்கு, தெரியுமோ?” என்றேன். “நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

வசந்தி ஆரணியைப் பார்த்தாள். ஆரணி குனிந்து புல்லுப் பிடுங்கினாள். ஒரு பார்வையில் இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ போய் வந்தது. தாய் ஒருத்திக்கு அது தெரியாமல் போகுமா?

“என்ன விஷயம்?”

“நீ சொல்லன் பிள்ளை” என்றாள் வசந்தி.

“நான் வங்கிக்குப் போகேல்லை அம்மா. போர்தோ பல்கலைக்கழகத்திலை தொல்லியல் படிக்கப் போறன். இடம் கிடைச்சிட்டுது.”

“எப்ப?”

“கடிதம் வந்து ரெண்டு கிழமை.”

“மாமிக்குத் தெரியுமோ?”

ஆரணி திரும்பி வசந்தியைப் பார்த்தாள். தெரியும். அதுதான் பதில்.

படிப்பு மாறியது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பிள்ளையின் வாழ்க்கை திரும்புகிறது. அது முதலில் வசந்திக்குத் தெரிகிறது. கிராமத்துக் கிழவிக்குத் தெரிகிறது. நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

“மலை உன்ரை. குதிரை உன்ரை. இப்ப என்ரை பிள்ளையும் உன்ரையோ?” என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது. சுற்றி நின்ற ஆங்கிலேயர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தூரத்து ஆடுகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வசந்தி சுத்தியலைக் கீழே வைத்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

“என்ன அண்ணி கதைக்கிறியள்? ஆர் எனக்கு மலையைத் தூக்கித் தந்தது? வந்த முதல் வருசம் சனம் எல்லாம் சுத்தியலோடை கடை வாசலாலைதான் போச்சினம். ஒருத்தரும் வாவெண்டு கேக்கேல்லை. நான் கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். அடுத்த வருசமும் கேக்கேல்லை. நான் கடையைப் பூட்டிப்போட்டு, வீட்டிலை ஆணி அடிக்கிற சுத்தியலைக் கொண்டு, என்ரை பாட்டுக்கு வந்து இருந்திட்டன். இந்தக் காலடியிலைதான்.” கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினாள். “என்ரை பெடியள் லண்டனாலை நத்தாருக்கு வருவாங்கள். இவர் கடைக் கணக்கைத் தவிர ஒண்டும் கதையார். மற்றப்படி இஞ்சை ஆரோடை நான் வாய் திறந்து கதைக்கிறது? பிள்ளை வந்த பிறகுதான் எனக்கே தமிழ் திரும்பி வந்தது. கொண்டு போங்கோ. நான் மறிக்கேல்லை.”

நான் வாய் திறப்பதற்குள் ஆரணி எழும்பிவிட்டாள். கை முழுக்க வெண்கட்டித் தூள், மூக்கிலும் கொஞ்சம்.

“நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும்! கொண்டு போறதுக்கும் வைச்சிருக்கிறதுக்கும் நான் என்ன சூட்கேஸோ? உங்களுக்குச் சொல்லப் பயமா இருந்தது அம்மா. நீங்கள் வங்கி, வங்கி எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள். லாச்சப்பல் முழுக்கச் சொல்லிப்போட்டியள்! சாமான் வாங்கப் போனா மாம்பழம் விக்கிற அண்ணை கூட ‘எப்ப வங்கி?’ எண்டு கேக்கிறார். நான் எப்பிடி உங்களிட்டை வந்து இல்லை எண்டு சொல்லுறது? சொல்லுங்கோ!”

ஒரு பிரெஞ்சுச் சொல் இல்லை. ஒன்றுகூட இல்லை! பிறந்த நாளிலிருந்து இவ்வளவு நீளமாக இவள் என்னோடு தமிழ் பேசியதில்லை. ஏச்சு வாங்குகிறேன் என்று எனக்குத் தெரிகிறது. கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் மனதின் ஒரு மூலை, “சொல்லிப்போட்டியள்... எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாள்!” என்று ரசித்துக்கொண்டு நிற்கிறது. பெற்ற மனம் ஒரு விசித்திரமான சாமான்.

“படி” என்றேன்.

“உண்மையாவோ?”

“ஓம். ஆனா முதல் கீழை இருந்து உந்தக் காலை அடிச்சு முடி. சனம் பாக்குது.”

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, எனக்கும். ஆடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிம்மதியாகத் திரும்பி வேலையைத் தொடங்கினார்கள். தொப்பிக்காரர் எங்கள் பக்கம் வந்து, குதிரைக் காலுக்கு அருகே மூன்று பேருக்கும் தேநீர் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். நாயைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

அன்று பின்னேரம் ஆரணி என்னை எதிர்ப்பக்கத்து மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கிருந்துதான் குதிரை முழுதாகத் தெரியும். மற்றக் கால்களைவிட முன்கால் ஒன்று பளிச்சென்று இருந்தது. மகள் என் தோளில் தலை வைத்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான் — இனி ஒவ்வொரு வருடமும் அந்தக் காலைப் பார்க்கப்போவது வசந்தி அல்லவா?

ஆரணி இப்போது போர்தோவில். விடுதி அறையில் அவளோடு இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. அதனால் எனக்கு அடிக்கடி போன் வருகிறது. அந்தப் பிள்ளையின் குறட்டை, பேராசிரியரின் காலணி, பக்கத்து அறைக் காதல், எல்லாம் நல்ல தமிழில், அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே!

போன கிழமை வசந்தி எடுத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“என்ன அண்ணி, பிள்ளை உங்களோடைதான் ஒவ்வொரு நாளும் கதையாம். எனக்கு ரெண்டு கிழமையா ஒரு கோல் இல்லை. உண்மையைச் சொன்னா... எனக்குக் கொஞ்சம் எரியுதுதான்.”

“லைன் சரியில்லை வசந்தி” என்றேன். “என்ன சொன்னனீ? இன்னொருக்காச் சொல்லு.”

லைனுக்கு ஒரு குறையும் இல்லை.