ஓரம் வெட்டிய பைல் காப்பி

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் வீட்டில் அன்று வெள்ளிக்கிழமை. அப்பா வடலூரில் சின்ன அச்சகம் வைத்து வாரப் பத்திரிகை நடத்தினார். அம்மா டவுன்ஷிப் பள்ளியில் பெர்மனன்ட் டீச்சர் என்பதால் நெய்வேலியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஈரம் காயாத கட்டு வந்து இறங்கியதும் முதல் பிரதியைச் சேர்த்துவைக்க அம்மா உருவிக்கொள்வார். அதற்குப் பெயர் "பைல் காப்பி". அதில் வடை மடிக்கக் கூடாது, அலமாரித் தட்டில் விரிக்கக் கூடாது, அண்ணன் விமானம் செய்து விடக் கூடாது. செய்தால் முதுகு பழுத்துவிடும்.

செய்தியில் பெயர் மாறிப்போனவர்கள், ஊர் மாறிப்போனவர்கள், உயிரோடிருக்கும் பெரியவரை நாங்கள் காலமாக்கிவிட்ட வீட்டுக்காரர்கள், ஒருவரும் அச்சகத்துக்குப் போகமாட்டார்கள். போனால் அப்பா சண்டைக்கு வருவார். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அம்மா பைல் காப்பியை எடுத்து, அவர்கள் வாயில் வந்ததை வந்தபடியே செய்திக்குப் பக்கத்து வெள்ளை ஓரத்தில் நீலப் பென்சிலால் எழுதிவைப்பார். "நடுவுல இருக்கறது உங்கப்பா சொன்னது. ஓரத்துல இருக்கறதுதான் நடந்தது" என்பார் எங்களிடம்.

ஒரு கோடை விடுமுறையில், சுரங்கத்துக்கு நிலம் போன ஊரிலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். "கிராம மக்கள் மகிழ்ச்சியுடன் நிலம் ஒப்படைப்பு" என்று அந்த வாரம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார் அப்பா.

"யாருங்க டீச்சர் சந்தோசமா குடுத்தது? வூட்டு முன்னாடி அழுதுகினு நின்னோம். அத எழுதுங்க."

அம்மா எழுதினார். படிக்கத் தெரியாத அந்தப் பெண், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அப்பாவோ மறுவாரமும் திருத்தம் போடவில்லை. "சுரங்கத்து விளம்பரம் நின்னா பேப்பரே நின்னுடும், தெரியுமில்ல?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஆனாலும் ஓரத்தில் இருக்கிறதே என்று ஒரு சமாதானம் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து, அச்சகமும் மூடியபின், பைல் காப்பிகள் அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்தன. போன மாதம் அண்ணன் போன் செய்தான்: "நம்ம குடும்பச் சொத்து. எல்லாத்தையும் பைண்டிங் பண்ணிட்டேன், வந்து பாரு." போனேன். சிவப்பு ரெக்சின் அட்டை, அதில் தங்க எழுத்தில் அப்பாவின் பெயர், எல்லாவற்றையும் வைக்கப் புதுக் கண்ணாடி அலமாரி. ஒன்றைத் திறந்தேன். அச்செழுத்தை ஒட்டியே காகிதம் முடிந்திருந்தது.

"ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, பென்சில் கிறுக்கல் வேற. மெஷின்ல வச்சு வெட்டச் சொல்லிட்டேன். எவ்ளோ நீட்டா இருக்கு பாரு!"

கிறுக்கலாம்! அம்மாவின் கையைப் பிடித்து எழுதப் பழகியவனுக்கு அம்மாவின் எழுத்து கிறுக்கலாம்!

"அறிவிருக்காண்ணா உனக்கு? வெட்டின துண்டெல்லாம் எங்க?"

"பைண்டர் அப்பவே எரிச்சிருப்பாரு. இதுக்குப் போய் ஏன் இப்பிடிக் கத்துற?"

அந்த வாரத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். "மகிழ்ச்சியுடன்" ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது. அந்தப் பெண்ணின் ஊர் இருந்த இடத்தில் இன்று சுரங்கப் பள்ளம். ஊரும் இல்லை, அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையும் இல்லை. எங்கள் வீட்டுப் பொய் மட்டும் கண்ணாடிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் கொட்டை எழுத்தின் மேலேயே, "வூட்டு முன்னாடி அழுதுகினு நின்னோம்" என்று குறுக்காக எழுதினேன். "ஐயையோ, பாழாக்காதே!" என்று பாய்ந்துவந்த அண்ணனின் கையைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பேனா கையில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துச் செய்திக்காக யார் வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை.